கிளாஸ் சி-யா ட்ரெய்லரா: நடுரோட்ல நின்னா எதுல சிரிப்பு வரும்?

ஆர்வி, அதான் அடுப்பு, பெட், பாத்ரூம்னு வீடே உள்ள இருக்கற டூர் வண்டி, அத பத்தி விசாரிக்கறவங்க எல்லாரும் மைலேஜ் எவ்வளவு, பெட் எத்தனை, பாத்ரூம் எப்படின்னுதான் கேக்கறாங்க. அந்த வண்டி நடுரோட்ல நின்னுட்டா நீங்க எங்க உக்காருவீங்கன்னு யாரும் கேக்கறதில்ல. நாங்க கலிபோர்னியா சாக்ரமெண்டோல இருந்து ரெண்டு சம்மர் ரெண்டு விதமா கிளம்பி ரெண்டுலயும் நின்னவங்க, முதல் தடவ வாடகை கிளாஸ் சி, அதான் டிரைவர் தலைக்கு மேல பெட் துருத்திட்டு இருக்குமே அது, ரெண்டாவது தடவ எஞ்சின் இல்லாம வீடு மட்டும் இருக்கற பழைய ட்ரெய்லர் ஒண்ண வாங்கி பிக்கப் வண்டில கட்டி இழுத்துட்டு போனோம். ரெண்டுலயும் ஆளுங்க அதே ஆளுங்கதான், நானு, வீட்டுக்காரர், ரெண்டு வாலுங்க, ஊர்ல இருந்து வந்த மாமனார். மாமா நாமக்கல் பக்கம் 30 வருஷம் லாரி ஓட்டினவரு, அத சொல்லாம இந்த கதை நகராது.

கிளாஸ் சி-ல போனது யூட்டா. ஐ-70 ஹைவேல சலைனாங்கற ஊர தாண்டினா கிரீன் ரிவர் வரைக்கும் 100 மைலுக்கு மேல ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஜூலை கடைசி வெயில் வேற, ஊருக்கு இன்னும் 20 மைல் இருக்கப்போ பேட்டரி லைட் எரிஞ்சு, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போச்சு. வாடகைக்காரங்களுக்கு போன் போட்டா நீங்க எதையும் தொடாதீங்கன்னாங்க, மாமா பெல்ட்டயாவது பாக்கறேன்னு பானெட்ட தூக்கப்போனவர கைய புடிச்சு இழுத்துட்டு வந்தோம். நின்ன வண்டிய இழுத்துட்டு போற டோ வண்டி வந்தப்போதான் உண்மை உறைச்சுது, எஞ்சின் ஒர்க்‌ஷாப்புக்கு போகுதுன்னா கூடவே எங்க அடுப்பு, பிரிட்ஜ், பெட், பசங்க பொம்மை எல்லாமே போகுது! மோட்டல்ல ரெண்டு நைட். பார்ட் கொலராடோ கிராண்ட் ஜங்ஷன்ல இருந்து வரணும். பிரிட்ஜ்ல இருந்த இட்லி மாவு பொங்கி கதவ திறந்துட்டு வெளிய வந்துடுச்சுன்னு மெக்கானிக் பாவம் பயந்துபோய் போன் பண்ணினாரு, அது என்னன்னு அவருக்கு புரியவெக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்கு நாக்கு தள்ளிடுச்சு.

நியாயமா சொல்லணும்னா பில் எங்களோடது இல்ல. அந்த ஒரு நிம்மதி பெருசு, ராத்திரி தூக்கம் வந்துச்சு. கிரீன் ரிவர் தர்பூசணிக்கு பேர்போன ஊரு, மோட்டல் வாசல்ல உக்காந்து ரெண்டு நாளும் பழமா வெட்டி தின்னோம். ஆனா சிரிப்பு மட்டும் வரல. ஆர்ச்சஸ் பார்க் உள்ள டெவில்ஸ் கார்டன் கேம்ப்ல 6 மாசம் முன்னாடியே காத்திருந்து புக் பண்ணின இடம் போச்சு, அது போனதும் அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சுது, நானும் அவரும் ஏன் எல்லா நாளையும் புக் பண்ணினன்னு மாத்தி மாத்தி கேட்டுக்கிட்டோம். மாமா மட்டும்தான் அசையல. "லாரின்னா நிக்கத்தான் அம்மிணி செய்யும், நிக்காம ஓடுனாத்தான் பயப்படோணும்"னுட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டாரு.

அடுத்த வருஷம் ட்ரெய்லர். யுஎஸ் 50 எங்க ஊர் பக்கத்துலயே ஆரம்பிக்கற ரோடுதான், நெவாடால அதுக்கு அமெரிக்காவிலேயே தனிமையான ரோடுன்னு பேரு, 1986-ல லைஃப் பத்திரிகை திட்டறதுக்குன்னு வெச்ச பேர அவங்க போர்டா மாட்டி காசு பாத்துட்டாங்க. ஆஸ்டின் டு யுரேகா 70 மைல், நடுவுல ஒண்ணும் இல்ல, அங்க ட்ரெய்லர் டயர் வெடிச்சுது. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்த டயருங்க அது! ட்ரெய்லர் டயர் தேயறதுக்கு முன்னாடி வயசாகி செத்துடும், பக்கவாட்டுல டாட் (DOT)-ன்னு போட்டு இருக்க நம்பரோட கடைசி 4 எண்ண பாக்கணும், 2314-ன்னா 2014-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், நாங்க அத பாக்கவே இல்ல.

மாமாவுக்கு அன்னிக்குதான் திருவிழா. போல்ட்டுங்கள லூஸ் பண்ணிட்டு, ரெண்டு பலகைய அடுக்கி பக்கத்துல இருக்க நல்ல டயர அதுமேல ஏத்த சொன்னாரு, ரெட்டை ஆக்சில், அதாவது ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சக்கரம்ங்கறதால கிழிஞ்சது தானா தரைய விட்டு எழுந்துடுச்சு, ஜாக்கியே தேவைப்படல. அதுக்குள்ள நான் உள்ள போயி டீ போட்டேன், பசங்க அவங்க பெட்லயே படுத்து சீட்டு விளையாடினாங்க. பாருங்க, வண்டிதான் நின்னுச்சு, வீடு ஓடிட்டுதான் இருந்துச்சு. 50 மைல் கழிச்சு நிறுத்தி போல்ட்டுங்கள மறுபடி டைட் வெக்கணும், அது மட்டும் மறக்காதீங்க.

அதோட முடியல. அதே ரோட்ல ஈலிங்கற ஊருகிட்ட பிக்கப்போட வாட்டர் பம்ப் போயி மூணு நாள் ஒர்க்‌ஷாப். ட்ரெய்லர் ஊருக்குள்ள ஒரு ஆர்வி பார்க்ல, அதான் இந்த மாதிரி வண்டிங்கள நிறுத்தி தங்கற இடத்துல, நாங்க ட்ரெய்லர்ல. நாலு நாளைக்கு ஒரு நாள் காலியா விட்டிருந்ததால புக்கிங் ஒண்ணுதான் போச்சு. ஈலில நீராவி ரயில் ஓட்டற பழைய ரயில்வே மியூசியம் இருக்கு, பசங்க அத விட்டு வரமாட்டேன்னு அடம், ட்ரிப்லயே எது பிடிச்சுதுன்னு இப்ப கேட்டாலும் ரிப்பேருக்கு நின்ன ஊரதான் சொல்றாங்க.

ட்ரெய்லர்ல வலியே இல்லன்னு சொல்ல வரல. பம்ப் பில் முழுசா எங்க தலைல, ரிவர்ஸ் எடுக்கறப்போ புருஷன் பொண்டாட்டி சண்டை நிச்சயம், காத்தடிச்சா வால் மாதிரி ஆடும், ஓடறப்போ ட்ரெய்லர் உள்ள ஆள் உக்கார கலிபோர்னியால அனுமதி கிடையாது, அதனால பசங்களுக்கு பாத்ரூம்னா நிறுத்தியே ஆகணும். கிளாஸ் சி-ல அந்த தொல்லை இல்ல. பஸ் சைஸ் கிளாஸ் ஏ பக்கம் நான் போகல, அத இழுக்கவே ராட்சச டோ வண்டி வேணும். கேம்பர் வேன் ரெண்டு பேருக்கு ஓகே, மாமாவ எங்க படுக்க வெக்கறது.

ஒரு வாரத்துக்குள்ள போயிட்டு வர்றவங்க, வண்டின்னாலே பயம், பில்லுன்னா அதவிட பயம்னு இருக்கறவங்க வாடகை கிளாஸ் சி-யே எடுங்க, ஆனா எல்லா ராத்திரியையும் புக் பண்ணாதீங்க, மோட்டலுக்கு கொஞ்சம் காசு தனியா வெச்சுக்கோங்க. சொந்த ட்ரெய்லருக்கு ரோட்சைட் கவர், அதான் வழில நின்னா உதவிக்கு வர்ற பிளான், எடுக்கறவங்க ட்ரெய்லருக்கும் சேத்துதான் கவர் இருக்கான்னு வாய்விட்டு கேளுங்க, சாதாரண கார் பிளான்ல பெரும்பாலும் இருக்காது. மூணு வாரம், குடும்பத்தோடன்னா என் ஓட்டு ட்ரெய்லருக்குதான். நாங்க நாலு டயரையும் மாத்திட்டோம், இந்த தடவ தேதி பாத்துதான் வாங்கினோம், பலகையும் ஏத்தியாச்சு, மாமாவோட விசா வந்துட்டா கிளம்ப வேண்டியதுதான்.