லினக்ஸ் ஷெட்யூலர் ஆவணங்கள்: ஆறு வருடப் பழக்கத்தில் எழுதுவது

மொரீஷியஸில் எபென் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு வரும் ஷெட்யூலர் (எந்த வேலைக்கு எப்போது சிபியு என்று முடிவு செய்யும் பகுதி) ஆவணங்களை ஆறு வருடமாகப் புரட்டுகிறேன். படிக்க நன்றாகவே இருக்கும். அவசரத்துக்கு உதவுமா என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது நைஸ் மதிப்பு (ஒரு வேலை மற்றவற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்ற எண்; 19தான் உச்சம்) பற்றிய ஆவணம். முன்பெல்லாம் நைஸ் 19 கொடுத்தால் கிடைக்கும் சிபியு நேரம், கர்னலின் டிக் வேகத்தை, அதாவது அதன் டைமர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். 2007இல் கர்னல் 2.6.23உடன் வந்த சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர், சாதாரண வேலை ஒன்றோடு போட்டியிடும்போது அதை எந்த டிக் வேகத்திலும் சுமார் 1.5 சதவீதம் என்று ஆக்கிவிட்டது. யார் என்ன குறை சொன்னார்கள், ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல எழுதியிருக்கிறார்கள்.

அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டேன். காவடிக்கு முதல் நாள், சீக்கிரம் கிளம்பும் அவசரம். ஒரு டெர்மினலில் வீடியோ மாற்றும் வேலையை 19இல் விட்டு, இன்னொன்றில் என் வேலையைத் தொடங்கினேன். இரண்டும் ஒரே சிபியு கோரில். டாப் கட்டளையில் சிபியு பங்கைப் பார்த்தால் 1.5ஆவது ஒன்றாவது, ஆளுக்குச் சரிபாதி! காரணம் ஆட்டோகுரூப் என்ற கர்னல் வசதி. ஒவ்வொரு செஷனையும் (இங்கே, ஒவ்வொரு டெர்மினலையும்) ஒரு குழுவாக்கி, முதலில் குழுக்களுக்குத்தான் பங்கு பிரிக்கும்; நைஸ் அந்தக் குழுவுக்குள் மட்டுமே செல்லும். நைஸ் ஆவணத்தில் இதைப் பற்றி மூச்சு இல்லை. லினக்ஸ் கையேட்டின் ஏழாம் பிரிவில் உள்ள ஷெட் என்ற மேன் பக்கத்தில் தெளிவாக இருந்தது: ப்ராக் (/proc) கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் ஆட்டோகுரூப் கோப்பில் 19 என்று எழுத வேண்டும். எழுதினேன், அடங்கியது.

2023இல் கர்னல் 6.6 வந்தபின் ஈஈவிடிஎஃப் என்ற புது ஷெட்யூலரின் ஆவணம் சேர்ந்தது. ரொம்பச் சுருக்கம். ரோஸ் ஹில் ஊரின் டால்பூரி (பருப்பு ரொட்டி) கடையை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது: தன் பங்குக்கு மேல் இன்னும் வாங்காதவர்களில், ஒரு ஜோடி மட்டும் கேட்பவரை இருபது கேட்பவருக்கு முன்னால் அனுப்புவது. சிஎஃப்எஸ் ஆவணமோ, ஈஈவிடிஎஃபுக்கு இடம்விடுகிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறது.

பழைய டியூனிங் குறிப்புகளை மட்டும் நம்பாதீர்கள். கர்னல் 5.13இல் அவற்றில் வரும் ஷெட்யூலர் அமைப்புகளில் பல, டிபக்எஃப்எஸ் என்ற பிழைதேடும் கோப்பமைப்புக்குக் குடிபோய்விட்டன. என் ஸ்கிரிப்ட் அன்றிலிருந்து பூட் ஆகும்போதெல்லாம் பிழை காட்டியிருக்கிறது. நான் கவனித்தது எட்டு மாதம் கழித்து.