சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, தமிழ்ப் பதிப்பு: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை ஸ்வரத்தோடு படிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், சங்கீதக்காரர்கள் முதலில் சொல்வது பிரதர்சினியைத்தான். சொல்வது சரியே. ஆனால் ஐந்து தொகுதிகளையும் வாங்கி, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அலமாரியில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடித்த கையோடு இதைத் தொட்டால் அப்படித்தான் ஆகும்.

எழுதியவர் சுப்பராம தீட்சிதர் (1839–1906). முத்துசுவாமியின் தம்பி பாலுஸ்வாமிக்கு மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். 1835இல் மறைந்த முத்துசுவாமிக்கும் இந்த நூலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கை, பாலுஸ்வாமி. மற்ற ஸ்வரப் புத்தகங்களுக்கு இல்லாத மதிப்பு இதற்கு வந்தது அதனால்தான். 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு லிபியில் அச்சானது. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழில் கொண்டுவந்தது, பதிப்பாசிரியர்கள் பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும்.

முதல் சிக்கல் தேடுவதில் வரும். நூல் மேள (தாய் ராக) வரிசையில் போகிறது, அதுவும் கனகாம்பரி என்று தொடங்கி ரசமஞ்சரியில் முடியும் பழைய வரிசையில். ராகப் பெயர்களும் பழையவை, பூர்விகல்யாணி என்று இன்றைய பெயரில் தேடினால் ஏமாற்றம்தான். ‘மீனாட்சி மே முதம்’ இருப்பது கமகக்ரியாவில். பந்துவராளிக்குக் காசிராமக்ரியா, ஷண்முகப்ரியாவுக்குச் சாமரம், ஹேமவதிக்கு தேசிஸிம்ஹாரவம். 22ஆம் மேளத்துக்குத் தலைமை ஸ்ரீராகம். கரஹரப்ரியா என்ற பேச்சே கிடையாது. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி முதல் தொகுதிக்குள் செருகி வையுங்கள்.

கமலாம்பாள் மேல் தீட்சிதர் பாடிய கிருதித் தொகுப்பான கமலாம்பா நவாவரணம் படிக்கிறவர்கள் ஒரு தொகுதி போதும் என்று நினைக்க வேண்டாம். தியான கிருதி தோடி 8ஆம் மேளத்தில், பைரவி 20இல், மங்கள கிருதி ஸ்ரீராகம் 22இல், காம்போஜி 28இல், சங்கராபரணம் 29இல், கல்யாணி 65இல். மொத்தமாக வாங்குவதே லாபம். நவக்கிரக கிருதிகளில் இங்கே இருப்பவை ஏழுதான், சூரியன் முதல் சனி வரை. ராகுவும் கேதுவும் இல்லை. பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம். சூரியனுக்கான ‘சூர்யமூர்த்தே’யின் துருவ தாளத்தில் ஆரம்பித்து சனிக்கான ‘திவாகர தனுஜ’த்தின் ஏக தாளத்தோடு அடிப்படையான சூளாதி தாளங்கள் ஏழும் தீர்ந்துவிடுகின்றன; ராகு, கேது கிருதிகள் மறுபடி ரூபக தாளத்துக்கே திரும்புகின்றன. மற்ற இரண்டும் பிறகு வந்து சேர்ந்தவை என்போர் இதைத்தான் காட்டுவார்கள். இன்று தீட்சிதர் பெயரில் புழங்குபவை நானூறுக்கு மேல். நூலில் இருப்பவை சுமார் 230.

நூலின் உயிர் கமகக் குறிகளில், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவதைக் காட்டும் குறிகளில் இருக்கிறது. அசைவான கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், இன்னும் ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஒரிக்கை. எல்லாமே வீணைக் கையிலிருந்து பிறந்தவை. ஏற்ற ஜாருவில் விரல் கம்பியோடு வழுக்கி வீணைத் தண்டியின் அடுத்த மெட்டுக்குப் போகும். ஒதுக்கலில் விரல் அதே மெட்டில் நிற்கும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே மேல் ஸ்வரத்தை எடுக்க வேண்டும். பாட்டுக்காரர் இரண்டையும் ஒரே மாதிரி வழித்துவிட்டால், அந்தக் குறி அச்சடித்ததே வீண். வீணை வாசிப்பவர் ஒருவரை அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு குறிக்கும் ஒரு பிடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னுரையைப் பத்துமுறை படிப்பதைவிட அது பலன் தரும்.

கிருதிக்குள் நேரே குதிக்கக் கூடாது. ராகத்தின் மூர்ச்சனையை (ஏறி இறங்கும் ஸ்வர வரிசையை) பாருங்கள், பிறகு ராகத்தின் போக்கைக் காட்ட அங்கேயே கொடுத்திருக்கும் சஞ்சாரியை இரண்டு நாள் பாடுங்கள். வளைந்து போகும் வக்கிரப் பிடிகள் அதிலேயே பழகிவிடும். அப்புறம் கமகம் இல்லாமல் வெறும் ஸ்வரத்தைத் தாளத்தோடு, அதன் மேல் கமகம், கடைசியில் சாகித்யம் (பாடல் வரி). ஸ்வர எழுத்து குறிலானால் ஒரு அட்சரம் (தாள அளவு), நெடில் இரண்டு, மேல்கோடு விழுந்தால் பாதி. இந்தக் கோட்டைத் தவறவிடுவதில்தான் பாதிப்பேருக்குத் தாளம் இடறுகிறது. முதல் கிருதி ஏற்கெனவே பாடத் தெரிந்ததாக இருக்கட்டும். எங்கே வேறுபடுகிறது என்பது காதிலேயே உறைக்கும்.

காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, நூல் சொல்லித் தராது. பல்லவியைச் சௌகரியமான வேகத்தில் எடுத்துவிட்டு, இரட்டை வேகத்தில் போகும் மத்யமகால சாகித்யம் வந்ததும் சொற்களை மென்று விழுங்குவது வழக்கமான விபத்து. தலைகீழாகச் செய்யுங்கள்: மத்யமகால வரியை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும் வேகத்தில் முதலில் பாடி, அதில் பாதியைப் பல்லவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இழுவையாகத் தோன்றும், அந்தச் சௌக்கம்தான், மெதுநடைதான் தீட்சிதர்.

பதம் பிரித்துப் பொருள் தேடுபவர்களுக்கு இது உதவாது. அதற்கு உரையோடு கூடிய சாகித்யப் புத்தகம் தனியாக வேண்டும். சமஸ்கிருத உச்சரிப்புக்கு நாகரிப் பிரதியோ தெலுங்குப் பிரதியோ பக்கத்தில் இருப்பது நல்லது. கச்சேரியில் ஒரே வரிக்கு விதவிதமாகக் கேட்ட சங்கதிகள் எல்லாம் அப்படியே கிடைக்கும் என்று வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தை நல்ல ஆசிரியரிடம் இரண்டு மாதப் பாடத்துக்குக் கொடுக்கலாம். வீணைக்காரர்கள் மட்டும் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.