12 லிட்டரை 24 ஆக்கிக் காட்டிய வாளி

"சுத்த ஹோல்ஸ்டீன், மூணாம் ஈத்து, ஈன்று இருபதே நாள், ஒரு நாளைக்கு 24 லிட்டர்." இப்படிச் சொல்லி விற்கப்பட்ட மாடு இது. ஹோல்ஸ்டீன் என்பது அதிகம் கறக்கும் வெளிநாட்டு மாட்டினம். காலையில் வாங்குபவரின் கண்ணெதிரே 12 லிட்டர் கறந்து காட்டினார்கள். மடியருகே ஒரு கன்றும் கட்டியிருந்தது. புதுத் தொழுவத்துக்கு வந்த மூன்றாம் நாள் இரு வேளையும் சேர்த்து 13 லிட்டர்தான் கறந்தது. இடம் மாறியதால் வந்த குறை, ஒரு வாரத்தில் ஏறிவிடும் என்றார் விற்றவர். வண்டியில் ஏற்றி இறக்கிய மாட்டுக்குச் சில நாள் பால் குறைவது உண்மைதான், அதனால்தான் இந்தப் பதில் எடுபடுகிறது. இந்த மாட்டுக்கு ஏறவே இல்லை. கால்நடை மருத்துவர் பார்த்ததில் ஈன்று ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகியிருந்தது, சினை இல்லை, வயதும் எட்டைத் தாண்டியிருந்தது. கன்று வேறொரு மாட்டுடையது.

சொன்ன நாலில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆனால் வாங்கும் அன்றே ஒவ்வொன்றையும் கண்டுபிடித்திருக்கலாம்.

முதலில் பால். காட்டிய 12 லிட்டர் பொய்யில்லை, அது ஒரு வேளைப் பால் என்பதுதான் பொய். முந்தைய நாள் மாலையில் கறக்காமல் மடி கட்டி வைத்துவிட்டால் ஒரு முழு நாளின் பால் ஒரே கறவையில் வந்துவிடும். "சாயங்காலமும் இதே அளவு" என்று ஒரு வரி சேர்த்தால் 24 ஆகிவிடுகிறது. போதாததற்கு, பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் ஊசி. சாதாரணமாகக் கறந்து முடித்த பிறகும் மடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பால் தங்கும், ஊசி அதையும் இறக்கிவிடும். ஊசிக்குப் பழகிய மாடு பிறகு ஊசி இல்லாமல் பால் இறக்க அடம் பிடிப்பது இன்னொரு தலைவலி. இவற்றோடு நுரை. வாளியின் கோட்டைப் பார்த்து அளந்தால் நுரையும் பாலாகக் கணக்கில் ஏறும். தராசில் நிறுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ.

சோதிக்கும் முறை ஒன்றே. மாலையில் உங்கள் முன் மடி காலியாகும்வரை கறக்கச் சொல்லுங்கள். அந்தப் பாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 12 மணி நேரம் கழித்து ஒரு கறவை, அதற்கு 12 மணி நேரம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் நாள் பால். இடைப்பட்ட இரவில் உங்கள் ஆள் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. காம்பைக் கழுவித் தடவிய ஓரிரு நிமிடத்தில் பால் இறங்குகிறதா, யாராவது ஊசியோடு மாட்டருகே போகிறார்களா என்றும் பாருங்கள். நாலு காம்பையும் தனித்தனியே பீச்சி, மடிநோய்ச் சோதனைத் தட்டில் ஒவ்வொன்றிலிருந்தும் 3 மில்லி பாலோடு அதே அளவு சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றுங்கள். குழகுழவென்று கெட்டியானால் அந்தக் காம்பில் வெளியே தெரியாத மடிநோய் இருக்கிறது.

ஈன்ற நாள்தான் இந்த விற்பனையின் பெரிய மோசடி. ஈன்ற நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பால் உச்சத்தைத் தொடும், அதன்பின் மாதத்துக்கு ஏறத்தாழ 8 சதவீதம் இறங்கும். இருபதாம் நாளில் 24 லிட்டர் என்றால் இன்னும் ஏறும் என்று பொருள். உச்ச அளவை 200-ஆல் பெருக்கினால் 305 நாள் கறவைக்கு ஒரு தோராயம் கிடைக்கும்: 24-க்கு 4,800 லிட்டர். இந்த மாட்டின் 13 லிட்டரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் உச்சமே 18 லிட்டர்தான், 3,600 லிட்டர். அதிலும் பாதிக்கு மேல் ஏற்கெனவே விற்றவர் கறந்து முடித்துவிட்டார். கன்று கட்டியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈன்ற மாட்டின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க 40 நாள் வரை ஆகும். மருத்துவர் மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்த்தால், ஈன்று 20 நாளா ஐந்து மாதமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சினை விஷயத்தில்தான் நஷ்டம் சத்தமில்லாமல் ஏறுகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் சினை நிற்க வேண்டும். 150-ஆம் நாளில் வெறுமையாக நிற்கும் மாடு இன்றைக்கே சினை பிடித்தாலும் ஈத்து இடைவெளி 430 நாள், 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவத்தில் மூன்று தவறினால் 493. ஒரு ஈத்தில் மொத்தம் 5,000 லிட்டர் கொடுத்து 490 நாளுக்கு ஒருமுறை ஈனும் மாடு நாளுக்கு 10.2 லிட்டர் தருகிறது. 4,200 லிட்டர் கொடுத்து 385 நாளில் ஈனும் மாடு தருவது 10.9. "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வாங்குபவர் முதல் மாட்டைத்தான் ஓட்டிவருவார். ஈன்ற தேதி, கடைசியாகச் சினை ஊசி போட்ட தேதி, அந்த ஈத்தில் எத்தனை ஊசி என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் பேரத்தையே தொடங்க வேண்டாம்.

"மூணு மாசச் சினை" என்று விற்பதும் உண்டு. கருப்பையில் சீழ் கட்டிய மாடும் பருவத்துக்கு வராது, அதன் கருப்பையும் பெருத்திருக்கும், அவசரமாகத் தொட்டால் சினை போலவே இருக்கும். வீக்கம் மட்டும் போதாது. கருச்சவ்வு விரலில் வழுக்குவதோ, கன்றோ, 75 நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடி மொட்டுகளோ தட்டுப்பட வேண்டும். ஸ்கேன் என்றால் 30 நாளிலேயே உறுதி செய்யலாம்.

கிடேரி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. பார்க்க நல்ல கிடேரியாகத்தான் இருக்கும்.

வயதுக்கு வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வயதையொட்டி முதல் ஜோடி நிலைப்பல், நாலு வயதையொட்டி எட்டுப் பல்லும் சேரும். மூன்றாம் ஈத்து மாட்டுக்குப் பற்கள் நிறைந்து, விளிம்பு அதிகம் தேயாமல் இருக்க வேண்டும். இந்த மாட்டுக்குப் பற்கள் தேய்ந்து மட்டமாகியிருந்தன, கொம்பின் வளையங்களை அரம் போட்டு மழித்திருந்தார்கள். வழவழப்பான கொம்பைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். எத்தனை ஈத்து தாங்கும் என்பதை மடியும் காலும் சொல்லும்: மடியின் அடி பின்னங்கால் மூட்டுக்குக் கீழே தொங்கினால் காம்பு மிதிபடும், மடிநோய் வரும். வயிற்றடியில் ஓடும் பால் நரம்பின் தடிமனைப் பார்த்து விலை பேசுவது வெறும் பழக்கம்.

கடைசியில் இனம். கறுப்பு வெள்ளைத் திட்டு இருந்தால் சுத்த ஹோல்ஸ்டீன் ஆகிவிடாது. ஆகியிருந்தாலும் லிட்டர் மட்டும் ஒப்பீடல்ல. 3.5 சதவீதக் கொழுப்புள்ள 20 கிலோ பாலையும், 5 சதவீதக் கொழுப்புள்ள 16 கிலோ ஜெர்சிப் பாலையும் 4 சதவீதக் கொழுப்புக்குச் சமன்செய்யுங்கள் (பால் கிலோவை 0.4-ஆலும் கொழுப்பு கிலோவை 15-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்). 18.5-ம் 18.4-ம் வரும். ஜெர்சியோ உடல் எடையில் மிகச் சிறியது, உடலைக் காக்கவே செலவாகும் தீவனமும் குறைவு.

"பேர்போன காளையின் மகள்" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். 1962-இல் பிறந்த பானீ ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை பாலுக்காக உலகெங்கும் பரவியது. அதன் வழியாகவே கருவில் கன்றைக் கொல்லும் ஒரு மரபுக் குறையும் பரவியது, 2011-இல்தான் அது பிடிபட்டது. குறையைச் சுமக்கும் இரண்டு சேர்ந்தால் நாலில் ஒரு கரு கலையும். பாலையே பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் அந்த இனத்தின் சினைத்திறனும் பொதுவாகவே சரிந்தது. அமெரிக்கக் காளை மதிப்பீட்டில் ஆயுளுக்கு 1994-இலும், மகள்களின் சினைத்திறனுக்கு 2003-இலும்தான் இடம் கிடைத்தது. நார்வே சிவப்பு இனத்தார் சினைத்திறனைக் கணக்கில் எடுப்பதை 1970-களிலேயே தொடங்கிவிட்டார்கள். காளைப் பட்டியலில் பாலுக்குரிய எண்ணை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைப்பவரிடம் அந்தப் பக்கத்தை முழுதாகக் கேளுங்கள்.