ஷெல் பாடத்தில் கைவைக்கும் முன்: சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, பங்களிப்பவர் பக்கத்திலிருந்து

நிரல் எழுதப் புதிதாக வருபவர்களுக்கான திறமூலப் பாடங்களில் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பழைய கை. 1998இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்கான பயிற்சியாகத் தொடங்கியது. இப்போது பாடங்கள் முழுக்க நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை 4.0 உரிமத்தில் கிடைக்கின்றன. படிப்பவருக்கு அவை எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். திருத்தம் அனுப்புகிறவருக்கு எப்படி என்பதுதான் இந்த மதிப்புரை. எடுத்துக்கொண்டது யூனிக்ஸ் ஷெல் பாடம், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கக் கற்றுத்தருவது.

எழுத்துப்பிழை திருத்த எதையும் நிறுவ வேண்டாம். பாடப் பக்கத்தில் உள்ள ‘எடிட்’ இணைப்பைத் தட்டினால் கிட்ஹப் திறக்கும், ஃபோர்க் (உங்கள் கணக்கில் பாடத்தின் நகல்) எடுத்துக்கொண்டு, அங்கேயே திருத்தி புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) போட்டுவிடலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் எடுத்துக்காட்டில் கைவைக்கும்போது வருகிறது. இந்தப் பாடம் முழுவதும் ஒரே கதை, ஒரே தரவு. நெல் என்ற கற்பனைக் கடல் உயிரியலாளர் 1520 மாதிரிகளோடு மல்லுக்கட்டுகிறார். பயிற்சிக் கோப்புறையில் கியூபேன், ஈத்தேன், மீத்தேன், ஆக்டேன், பென்டேன், புரோப்பேன் என்று மூலக்கூறு அமைப்பைச் சொல்லும் ஆறு பிடிபி கோப்புகள். வரிகளை எண்ணினால் முறையே 20, 12, 9, 30, 21, 15; மொத்தம் 107. இந்த எண்கள் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தருவது) பற்றிய அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. மீத்தேன் கோப்பில் யாராவது ‘விளக்கமாக இருக்கட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் 9 என்பது 10 ஆகும், 107 என்பது 108 ஆகும், கீழே உள்ள வெளியீடுகள் பொய்யாகும். தரவு ஜிப் கோப்பாகத்தான் மாணவருக்குப் போகிறது. ஆகவே அதையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே ஜிப்பை இறக்கி வைத்தவர் வகுப்பில் வேறு எண்ணைப் பார்த்து முழிப்பார். தரவைத் தொடும் திருத்தத்துக்கு முதலில் கிட்ஹப்பில் இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து கேட்பதே முறை.

மேக்கில் வரி எண்ணும் கட்டளை எண்ணுக்கு முன் கூடுதல் இடைவெளி விடும், லினக்ஸில் அப்படியில்லை. ‘பாடத்தில் உள்ள வெளியீடு தப்பு’ என்று இதற்காகப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் அது தேறாது. அதையே ஆசிரியர் குறிப்பாக இரண்டு வரியில் எழுதினால் வகுப்பு நடத்துகிறவருக்கு உதவும்.

2023 மே மாதம் பாடக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்கும் கருவி பழைய ஜெக்கிலிலிருந்து வொர்க்பெஞ்சுக்கு மாறியது. அதற்கு முந்தைய ஃபோர்க் கையில் இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். கமிட் வரலாறே (மாற்றங்களின் பதிவு) மாற்றி எழுதப்பட்டதால் பழையது பொருந்தாது. வொர்க்பெஞ்ச் என்பது சாண்ட்பேப்பர், வார்னிஷ், பெக்போர்டு என்ற மூன்று பாக்கேஜ்கள்; ஆர் என்ற நிரல்மொழியில் எழுதியவை. பெயர்களில் தச்சுப்பட்டறை வாசனை நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெறும் மார்க்டவுனில் (எளிய குறிகள் கொண்ட உரை) எழுதிய ஷெல் பாடத்தை உங்கள் கணினியில் பார்க்கக்கூட ஆர் மொழியும் ஆவண வடிவம் மாற்றும் பாண்டாக்கும் நிறுவியாக வேண்டும். லினக்ஸில் நிறுவல் பெரும்பாலும் எக்ஸ்எஸ்எல்டி என்ற துணைப் பாக்கேஜ் அருகே நின்றுவிடும்; லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகத்தின் டெவ் பதிப்பை முதலிலேயே நிறுவினால் அந்தத் தலைவலி இல்லை. நிறுவியபின் சாண்ட்பேப்பரின் ‘செர்வ்’ கட்டளையை ஓடவிட்டால், கோப்பைச் சேமிக்கச் சேமிக்க பிரவுசரில் பக்கம் புதுப்பிக்கும். அந்த வசதிக்காகவே மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அத்தியாயத்தின் தலையில் தலைப்பு, கற்பிக்கும் நிமிடம், பயிற்சி நிமிடம் மூன்றும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் கேள்விகளும் நோக்கங்களும், முடிவில் முக்கியக் குறிப்புகளும் தனித்தனிக் கட்டங்களாக வரும். கட்டத்தைத் திறப்பதும் மூடுவதும் குறைந்தது மூன்று முக்காற்புள்ளிகள் (:::). இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பயிற்சிக் கட்டத்துக்குள் விடைக் கட்டம் இருக்கும். திறந்தது இரண்டு, மூடியது ஒன்று என்றால் அதற்குப் பின்னால் வரும் பாடம் விடைப் பெட்டிக்குள் மடங்கிப்போகும். எண்ணிக்கை மூன்றைத் தாண்டினாலும் பிழையில்லை என்பதால், வெளிக்கட்டத்துக்கு நீளமான வரிசையும் உள்கட்டத்துக்குச் சின்னதும் போட்டால் கண்ணுக்குத் தெரியும். படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம்) இல்லையென்றால் பெக்போர்டு எச்சரிக்கும். புதிய அத்தியாயக் கோப்பின் பெயரை கான்ஃபிக் (பாட அமைப்பு) கோப்பின் பட்டியலில், நீங்கள் விரும்பும் வரிசையில் சேருங்கள்.

புல் ரிக்வெஸ்ட் போனதும் ஒரு பாட் (தானியங்கி நிரல்) பாடத்தைக் கட்டிப் பார்த்து, எது எப்படி மாறியது என்று கருத்தாக இடும். முதல்முறை அனுப்புகிறவருக்கு இது உடனே ஓடாது. பராமரிப்பாளர் அனுமதி தர வேண்டும். அவர்கள் தன்னார்வலர்கள், பதில் வரும் காலத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே ரிக்வெஸ்டில் எழுத்துப்பிழை, புதிய பயிற்சி, படமாற்றம் எல்லாவற்றையும் அடைத்தால் இன்னும் தாமதம்தான்.

புதிய பகுதி சேர்க்க நினைப்பவர்கள் ஏமாறத் தயாராக இருக்கட்டும். பாடம் அரை நாளுக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கு கடுமையானது. ‘இதையும் சொல்லலாமே’ என்று 15 நிமிடம் கூட்டினால், எந்த 15 நிமிடத்தைக் குறைப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரிசைப்படுத்தும் கட்டளைக்கு உள்ள பயிற்சி நல்ல அளவுகோல்: 10, 2, 19, 22, 6 என்ற ஐந்து எண்கள். அப்படியே வரிசைப்படுத்தினால் 10, 19, 2, 22, 6. எண்ணாக வரிசைப்படுத்தச் சொல்லும் ‘-n’ தெரிவு கொடுத்தால் 2, 6, 10, 19, 22. எண்ணாகப் பார்ப்பதற்கும் எழுத்தாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவில் விளங்கிவிடுகிறது. உங்கள் பயிற்சி இந்த நீளத்தைத் தாண்டினால், அனுப்புமுன் ஒருமுறை வெட்டிப் பாருங்கள்.