பணம் பத்திரம், பெயரும் நம்பரும்தான் ஊர் சுற்றுகின்றன: யுபிஐ நீண்டகால அனுபவம்

யுபிஐயின் வசதியைப் பற்றி இனி யாரும் எழுத வேண்டியதில்லை. கோவையில் இளநீர் வெட்டித் தருபவர் முதல் பஸ் கண்டக்டர் வரை அதை ஏற்கிறார்கள். 2016 ஏப்ரலில் அறிமுகமான இந்த முறையை, அதே ஆண்டு நவம்பர் 8 இரவு பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்த பிறகு ஏடிஎம் வாசலில் கால் கடுக்க நின்ற எரிச்சலில் பிடித்துக்கொண்டவன் நான். அந்த டிசம்பர் கடைசியில் பீம் செயலி வந்தது. பிறகு தனியார் செயலிகள் சிலவும் போனில் ஏறின. இத்தனை வருடம் தினசரி பயன்படுத்தியதில் எனக்கு உருவான கருத்து இதுதான்: பணத்துக்குக் கொடுத்த பாதுகாப்பில் பாதியைக்கூட, பணம் கொடுக்கும் மனிதனுக்கு யாரும் யோசித்து வைக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கட்டமைப்பு உறுதியானது. செயலியைப் பதிவு செய்யும்போது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகிறது. அந்த நம்பரும் அந்தக் கைபேசியும் அப்போது ஒன்றாகக் கட்டப்படுகின்றன. நாம் தட்டும் ரகசிய எண்ணை வாங்கிக்கொள்வது செயலி நிறுவனம் அல்ல. அந்த எண் பலகை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தந்த தனிப் பகுதி. எண் மறையாக்கம் செய்யப்பட்டே வங்கிக்குப் போகிறது. ஆகவே எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் சாவி வங்கியிடமும் நம்மிடமும் மட்டுமே. இந்த அமைப்பை உடைத்து என் கணக்கில் யாரும் கை வைத்ததில்லை. செய்தித்தாளில் வரும் மோசடிகளிலும் பெரும்பாலானவை மனிதரைப் பேசி ஏமாற்றுபவையே. பழைய கட்டில் விற்க விளம்பரம் கொடுத்தால், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்து, ‘க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைத் தட்டுங்கள், பணம் வரும்’ என்பார். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எப்போதுமே தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் உள்ள எல்லோர் மண்டையிலும் ஏற்றிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் ‘பணம் கொடு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியதும் சரியான முடிவு. அதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திய யாரையும் நான் பார்த்ததில்லை.

தடங்கல்களும் உண்டு. 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நெரிசலைக் குறைக்க, ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புப் பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஐம்பது முறை இருப்புப் பார்க்கும் அந்த மனிதரை ஒருநாள் சந்திக்க ஆசை.

என் கணக்கில் பணம் கழிந்து எதிர்முனைக்குப் போய்ச் சேராத சம்பவமும் நடந்தது. வங்கியில் ‘தானாக வந்துவிடும், காத்திருங்கள்’ என்ற பதில்தான் கிடைத்தது. இங்கே ஒரு விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, நபருக்கு நபர் அனுப்பும் பணம் இப்படி நடுவில் சிக்கினால் அடுத்த நாளுக்குள் திரும்பியாக வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு என் வங்கியின் குரலில் பணிவு தெரிந்தது.

பணத்தின் பாதுகாப்பு பற்றி அவ்வளவுதான். இனி மனிதனின் அந்தரங்கம்.

பாஸ்புக்கில் பதிவு போட அந்த இயந்திரத்தில் நுழைத்துப் பாருங்கள். முன்பு ஒரு பக்கம் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இப்போது இயந்திரம் கரகரவென்று அச்சடித்து, பக்கம் முடிந்து, ‘திருப்பவும்’ என்கிறது. திருப்பினால் அடுத்த பக்கமும் தீர்கிறது. ஒவ்வொரு வரியிலும் பன்னிரண்டு இலக்க எண், அதன் பக்கத்தில் ஒரு பெயர்: பேக்கரி, பேக்கரி, மருந்துக்கடை, பேக்கரி. பேக்கரியில் டீ குடிப்பதுதான் கோவைக்காரனின் வாழ்க்கை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கடனுக்கு ஆறு மாதக் கணக்கு விவரம் கொடுத்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் விரலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்து, ‘சார் டீ நிறையக் குடிப்பீர்களோ’ என்று சிரித்தார். கேலி இல்லை, நட்பாகத்தான் கேட்டார். அவர் விரல் அடுத்து நின்ற இடம் மனநல மருத்துவரின் கிளினிக்கின் பெயர். அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் படித்துவிட்டார் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த வரியே இருந்திருக்காது.

இதற்கு ஓரளவு மாற்று, செயலிக்குள்ளேயே சிறு தொகையை ஏற்றிவைத்துச் செலவழிக்கும் யுபிஐ லைட். 2022இல் வந்தது. இப்போது ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை செலுத்தலாம், மொத்தம் 5,000 ரூபாய் வரை அதில் போட்டுவைக்கலாம். கணக்கு விவரத்தில் பணம் ஏற்றிய வரி மட்டும் வரும். ஒவ்வொரு டீயும் வராது. ரகசிய எண்ணும் தட்ட வேண்டாம். அதுவே அதன் குறையும்: திறந்த நிலையில் போன் இன்னொருவர் கைக்குப் போனால் உள்ளே இருப்பது அவருடையது. நான் ஆயிரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. சில்லறைச் செலவுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

அடுத்தது நம்பர். இதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. பல செயலிகளில் கணக்குத் திறந்தவுடன் நம் கைபேசி எண்ணே யுபிஐ முகவரியின் முன்பாதியாக அமைந்துவிடுகிறது. கடையின் வணிகக் கணக்குக்குச் செலுத்தும்போது பரவாயில்லை. ஆட்டோ ஓட்டுநர், பூக்காரர், பிளம்பர் என்று தனிநபர் கணக்குக்கு அனுப்பினால், அனுப்பியவரின் பெயரும் பெரும்பாலும் நம்பரும் அவர் திரையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஓர் ஆட்டோ பயணத்துக்குக் காசு அனுப்பிய அன்று இரவே ஓட்டுநரிடமிருந்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹாய்’ வந்தது. அந்த எண்ணை முடக்கினாள். மறுநாள் அதே ஆளிடமிருந்து ஒரு ரூபாய் வரவு. குறிப்பு எழுதும் இடத்தில் ‘கோபமா’ என்ற கேள்வி. ஒரு ரூபாய் செலவில் முன்பின் தெரியாத பெண்ணின் போனில் மணி அடிக்க வைக்கலாம் என்று இந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள். யோசித்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியது இருக்கிறது, ஆனால் நாமே தேடிப் போய்ச் செய்ய வேண்டும். அமைப்புகளுக்குள் சென்று நம்பர் இல்லாத புதிய யுபிஐ முகவரி ஒன்றை உருவாக்கி அதை முதன்மையாக்கலாம். ‘யுபிஐ எண்’ என்ற பகுதியில் கைபேசி எண்ணுக்குப் பதிலாக எட்டு அல்லது ஒன்பது இலக்கத்தில் வேறொரு எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். தொல்லை தருபவரைச் செயலிக்குள்ளேயே தனியாக முடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முடக்கியது இங்கே செல்லாது. இதையெல்லாம் மூன்று அடுக்குக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு, முகப்பில் தள்ளுபடிக் கூப்பன்களைக் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

பெயர் வெளிப்படுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2025 நடுவிலிருந்து, பணம் அனுப்பும் முன் வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று விதி. கடை ஸ்டிக்கரின் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டுக்கு இது நல்ல மருந்து. பல வருடமாக ‘அண்ணாச்சி’ என்று மட்டுமே தெரிந்திருந்த மளிகைக்கடைக்காரரின் முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அவருக்கும் என் பெயர் தெரிந்துவிட்டது. இருந்தும் நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார்.

பணம் வந்ததும் கடையில் சத்தமாக அறிவிக்கும் ஒலிப்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வந்ததுபோல் பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகளால் ஏமாந்த சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய துணை. தனி சிம் போட்டு அதுவே இணையத்தில் இயங்குகிறது. கையில் மாவு ஒட்டிய பரோட்டா மாஸ்டர் போனைத் தொட வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கும் ஒரு லாபம்: முன்பு போனைத் திருப்பிக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்ட வேண்டும், அந்த நேரம் பார்த்து வீட்டுச் செய்தி ஏதாவது மேலே வந்து விழும். இப்போது அந்தச் சங்கடம் இல்லை. ‘வந்துவிட்டதுங்க, போகலாம்ங்க’ என்று விடை கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சத்தம்! டீக்கடையில் ‘இருபத்துநான்கு ரூபாய் பெறப்பட்டது’ என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே பெட்டி அடகுக்கடையிலும் இருக்கிறது. வட்டி கட்ட வந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். பெட்டி தெருவுக்கே கேட்கும்படி தொகையை அறிவிக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் ஒருவர் கட்டிய ஐந்தாயிரத்துச் சொச்சத்தைக் கேட்டதும், நாற்காலிகளில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. புதுக்கோட்டை, தஞ்சை பக்கம் மொய் விருந்துகளில் தொகை ஊரறிய வருவது உண்டு. அது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட வழக்கம். அடகுக்கடை அம்மாளிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. எனக்குப் பழக்கமான மருந்துக்கடையில் சொல்லிப் பார்த்தேன். ‘அதற்கென்னங்க’ என்று உடனே குறைத்துவிட்டார். இதுவரை யாரும் கேட்காததால் குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏடிஎம்மில் முன்னால் நிற்பவர் எண் தட்டும்போது நாம் ஓரடி தள்ளி நின்று வேறெங்கோ பார்ப்போம். அந்தப் பழக்கம் கடைக் கல்லாவுக்கு வந்து சேரவில்லை. பின்னால் நிற்பவரின் மூச்சுக்காற்று கழுத்தில் படுகிறது. ரகசிய எண்ணின் பலகையோ எப்போதும் ஒன்று முதல் ஒன்பது வரை அதே வரிசை. விரல் போகும் போக்கைப் பார்த்தாலே நான்கு இலக்கத்தை ஊகித்துவிடலாம். வங்கி அனுமதித்தால் ஆறு இலக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை, எனக்கும்தான். நான் கல்லாவுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்று தட்டுகிறேன். கடைக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

யுபிஐயில் காசு வாங்கிய பிறகும் சில துணிக்கடைகளில், ‘நம்பர் சொல்லுங்க சார்’ என்ற அடுத்த கேள்வி வருகிறது. பில் போட நம்பர் கட்டாயமில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நான் ‘வேண்டாம்மா, நம்பர் இல்லாமலே போடுங்கள்’ என்பேன். அந்தப் பெண் மேலாளரைத் திரும்பிப் பார்ப்பார், அவர் தலையசைப்பார், பில் வந்துவிடும். பின்னால் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

வீட்டில் அம்மாவுக்காக யுபிஐ சர்க்கிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் தன் போனில் ஸ்கேன் செய்வார். என் கணக்கிலிருந்து நான் அனுமதித்தால் பணம் போகும். வரம்பு வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கேட்காமல் செலவழிக்க விடவும் வழி உண்டு. முதலில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி என்றுதான் வைத்தேன். ‘நான் கத்தரிக்காய் வாங்குவதற்கு நீ ஆபீசிலிருந்து ஒப்புதல் தருகிறாயா’ என்றார். அன்றைக்கே வரம்பு முறைக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அவர் என்ன வாங்கினார் என்பது இப்போதும் என் திரையில் வந்து நிற்கிறது. அதை நிறுத்த எனக்கு வழி கிடைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு: சம்பளக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். சிறிய தொகை வைத்த தனிக் கணக்கு ஒன்று போதும். பாஸ்புக் தொல்லையும் குறையும். மோசடி நடந்துவிட்டால் வங்கிக்கும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய சிம்மைக் கைவிடும் முன் அந்த நம்பரை வங்கியிலும் செயலியிலும் மாற்றிவிடுங்கள். துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அண்மையில் வாங்கிய என் இரண்டாவது சிம்முக்கு, முன்பு அதை வைத்திருந்தவரின் தவணை நினைவூட்டல்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.