ஜிஆர்இ வொக்கபுலரி கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும், அவர்களுக்காகப் பணம் கட்டப் போகிற அம்மா அப்பாக்களுக்கும்தான் இந்தப் பதிவு. "90 நாளில் 3500 அட்வான்ஸ்டு வார்த்தைகள், வெர்பலில் 160 நிச்சயம், வராவிட்டால் முழுப் பணமும் வாபஸ்" (வெர்பல் என்பது அந்தத் தேர்வின் ஆங்கிலப் பகுதி) என்று சொல்லி ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனம் என்னிடம் 28,000 ரூபாய் வாங்கியது. கவுன்சலர் என்று பேசியவர் சாயங்காலம் முழுக்க விடாமல் கூப்பிட்டு, ராத்திரி 12 மணி தாண்டினால் ஃபீஸ் 45,000 ஆகிவிடும் என்றார். அடுத்த வாரம் அவர்களுடைய விளம்பரத்தில் அதே 28,000தான் இருந்தது, அதே "இன்று மட்டும்" என்ற வரியோடு.

வந்தது ஒரு பிடிஎஃப். அகரவரிசையில் 3500 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அர்த்தம், உதாரண வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பயிற்சிக் கேள்விகளில் பாதி எதிர்ச்சொல் கண்டுபிடிப்பது, மீதி அனாலஜி, அதாவது ஒரு ஜோடி வார்த்தைகளுக்கு இடையே உள்ள உறவு போலவே இருக்கும் இன்னொரு ஜோடியைக் கண்டுபிடிப்பது. இந்த இரண்டு வகையையும் ஜிஆர்இ நடத்தும் இடிஎஸ் நிறுவனம் 2011 ஆகஸ்டிலேயே தேர்விலிருந்து தூக்கிவிட்டது. அவர்களுடைய மாதிரித் தேர்வு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடும், இரண்டு கட்டுரை கேட்கும். 2023 செப்டம்பரிலிருந்து உண்மையான தேர்வே 1 மணி 58 நிமிடம்தான், ஒரே கட்டுரை, வெர்பலில் 27 கேள்விகள். இது தெரியாத ஒருவர் பாடம் தயாரித்திருக்க வாய்ப்பே இல்லை. பழைய சரக்கு என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பழைய பட்டியலாக இருந்தால் என்ன, வார்த்தை வார்த்தைதானே என்று கேட்கலாம். இப்போது வரும் கேள்விகளில் ஒரு வகை, ஒரு கோடிட்ட இடத்துக்கு ஆறு வார்த்தைகள் கொடுத்து, எந்த இரண்டில் எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும் என்று கேட்பது. இன்னொரு வகையில் ஒரு பத்தியில் மூன்று கோடிட்ட இடம் வரை இருக்கும், மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரி என்றால் பாதி மார்க் எல்லாம் கிடையாது. ஒரு வார்த்தை எந்த வாக்கியத்தில் எப்படி உட்காரும், அதன் தொனி பாராட்டா பழிப்பா என்று தெரியாமல் இதற்குப் பதில் எழுத முடியாது, அந்தப் பழக்கம் ஒரு வரி அர்த்தத்தை மனப்பாடம் செய்வதால் வராது. மறக்கிற நேரம் பார்த்து வார்த்தையைத் திரும்பக் காட்டும் ஆப் என்று விளம்பரத்தில் இருந்தது, ஆனால் அந்த ஆப் எல்லோருக்கும் ஒரே வரிசையில் கார்டு காட்டியது, தப்பாகச் சொன்ன வார்த்தையைக்கூட மறுபடி கேட்கவில்லை. லைவ் வகுப்பு என்றார்கள், ஓடியது பழைய ரெக்கார்டிங்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் நிபந்தனைகள் வெளியே வந்தன. ஏழு நாளுக்குள் கேட்க வேண்டுமாம், அதுவும் பணம் கட்டிய நாளிலிருந்து. லாகின் வந்ததே அந்த ஏழு நாள் முடிந்த பிறகு. மதிப்பெண் உத்தரவாதத்துக்கு எல்லா வகுப்பும் எல்லா மாதிரித் தேர்வும் முடித்திருக்க வேண்டுமாம், போனில் பேசிய யாரும் இதைச் சொல்லவே இல்லை.

இஎம்ஐ விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது கோச்சிங் நிறுவனத்துக்கு நீங்கள் கட்டும் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது, தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடும், பிறகு கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அது வந்து நிற்கும். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது: கடன் வாங்கியவுடன் சில நாள் அவகாசத்தில் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் இருக்க வேண்டும், ஓடிபி சொல்லும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். கோச்சிங் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது, அதிக மதிப்பெண் நிச்சயம் என்று உத்தரவாதம் தருவதும், இன்றே சேராவிட்டால் போச்சு என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதன்படி தவறு. 1915இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

சரி, காசு கொடுக்காமல் எப்படிப் படிப்பது? இடிஎஸ் தளத்திலேயே பவர்பிரெப் மாதிரித் தேர்வு இரண்டு இலவசமாக இருக்கிறது, யார் கோர்ஸ் விற்க வந்தாலும் முதலில் அதை எழுதிப் பாருங்கள், அவர்கள் காட்டும் மாதிரிக் கேள்வி அதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அடித்தளமே ஆடுகிறது என்றால், நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் நெட்டில் இலவசம், 570 சொல் குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் வார்த்தைகள் ஒரு குடும்பம்), பல்கலைக்கழகப் பாடநூல்களில் அடிக்கடி வருபவை. வார்த்தைகளைக் கார்டாகப் போட்டுப் படிக்க அன்கி என்ற ஆப் போதும், கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. படித்த கட்டுரையில் வந்த வாக்கியத்தோடு சேர்த்து வார்த்தையைக் கார்டில் போடுங்கள், தனி வார்த்தையாகப் போடாதீர்கள்.