சர்வர் அறையில் நான்கு வருடம்: எந்த சென்சார் நிலைத்தது, எதைக் கழற்றினேன்

எங்கள் ஆபீஸ் சென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சர்வர்களை அடுக்கிய இரண்டு ரேக், மாற்றி மாற்றி ஓடும் இரண்டு ஸ்ப்ளிட் ஏசி. கதவைத் திறந்தால் உப்புக் காற்று, காற்று திரும்பினால் கருவாட்டு வாசனை. இந்த அறைக்காக நான் வாங்கிப் போட்ட வெப்பநிலை சென்சார்களின் கதை இது.

முதலில் போட்டது நீல நிற டிஹெச்டி11. கூடவோ குறையவோ 2 டிகிரி பிசகும் என்று அதன் டேட்டாஷீட்டே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்லிவிடுகிறது. சர்வர் உள்ளே இழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஏசி, குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. அந்த ஒன்பது டிகிரி இடைவெளியில் இரண்டைத் தூக்கிக் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரே மாதத்தில் கழற்றிவிட்டு, அரை டிகிரிதான் பிசகும் என்கிற வெள்ளை டிஹெச்டி22 போட்டேன்.

எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு கத்திரி வெயில் வாரத்தில் கிராஃப் மூன்று நாளாக 26.4இலேயே நின்றது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி. ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். வெள்ளிக்கிழமை இரவு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார்: "சார், ரூம்ல ஏசி சத்தமே காணோம் சார்." கரண்ட் போய் வந்திருக்கிறது. யுபிஎஸ்ஸில் சர்வர்கள் நிற்காமல் ஓடியிருக்கின்றன. ஏசி தானாகத் திரும்ப ஆன் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கதவுக் கைப்பிடியே வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே இழுக்கும் காற்றை அளக்க சர்வரிலேயே இருக்கும் இன்லெட் சென்சார் 41 காட்டியது. சுவரில் இருந்த டிஹெச்டி22இன் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புது அளவு எதுவும் வராததால் அளவுகளைப் பதிய நான் எழுதிய ஸ்கிரிப்ட் கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து எந்த சென்சார் வாங்கினாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. டிஎஸ்18பி20 அதில் தேறியது. பிடுங்கியதும், சென்சாரைப் படிக்கும் குட்டி போர்டான ஆர்டுயினோவில் ஓடும் லைப்ரரி (ரெடிமேட் நிரல்) -127 என்று காட்டிவிடும். யாரும் அதை நிஜம் என்று நம்ப மாட்டார்கள். எஃகுக் குழாய்க்குள் அடைத்து வருவதால் உப்புக் காற்றும் தொடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் அடையாள எண் உண்டு, அதனால் எது எது என்று குழம்பாமல் ஒரே கம்பியில் மூன்றைக் கோத்துவிட்டேன்.

அதற்கும் ஒரு குறும்பு இருக்கிறது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு "85 டிகிரி" என்று அலாரம். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். அறை ஜில்லென்று இருந்தது. பவர் விட்டு வந்தால், அளந்து முடிக்கும்வரை அந்த சென்சார் கையில் வைத்திருக்கும் எண்ணே 85தானாம். இப்போது சரியாக 85.0 வந்தால் அதைச் சூடு என்று எடுப்பதில்லை, கனெக்டரை ஆட்டிப் பார்க்கிறேன்.

போலியும் நிறைய வருகிறது. பிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, சென்சாரைப் பத்து நிமிடம் முக்கினால் 0 காட்ட வேண்டும். நான் வாங்கிய ஐந்தில் இரண்டு 1.5க்கு மேல் காட்டின. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. ஐஸுக்குக் காசிமேட்டில் பஞ்சமில்லை என்பது ஒரு ஆறுதல்.

எங்கே மாட்டுகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆரம்பத்தில் ஏசிக்கு நேர் கீழே மாட்டியிருந்தேன். 19 காட்டும்போது ரேக்கின் மேல்தட்டு முன்பக்கம் 28. இப்போது மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று, ஏசி காற்றை இழுக்கும் வாயில் ஒன்று. ஈரப்பதத்துக்கு மட்டும் எஸ்ஹெச்டி31 என்கிற வேறு சென்சார், குட்டைக் கம்பியில். அதைப் பற்றிக் குறையும் இல்லை, பெரிதாகச் சொல்லவும் எதுவும் இல்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு "நலம்" என்று மூன்று எண்களோடு மெசேஜ் வரும். எட்டரைக்குள் வரவில்லை என்றால் நானே போன் போடுவேன். அந்த நேரத்தில் எடுப்பது வாட்ச்மேன் அண்ணன்தான். கதவுக்குப் பக்கத்தில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதைப் பார்த்து, "இருபத்தஞ்சுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது சார், நெட்டுதான் போயிருக்கு" என்பார். இதுவரை அவர் தப்பாகச் சொன்னதில்லை.